பெரிய பேரிங் போட்டால் அதிக லோடு தாங்குமா?

"பின்னாடி ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை சேத்தாச்சு, டயரையும் மாத்தியாச்சு. இனி அரை டன் கூடவே ஏத்தலாம்." சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் நடுவே இந்தப் பேச்சு சாதாரணம். சக்கரத்தைச் சுழலவிட்டு எடையையும் தாங்கும் பேரிங் என்னாகும் என்று கேட்டால், "அது போனா இதவிடப் பெருசா ஒண்ணு பாத்துப் போட்டுக்கலாம்" என்று பதில் வரும்.

இதில் இரண்டு தவறான நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. பேரிங் ஒரு குறிப்பிட்ட எடைவரை அலுங்காமல் தாங்கும், அதைத் தாண்டினால்தான் உடையும் என்பது ஒன்று. தாங்கும் திறன் முழுக்க பேரிங்கின் அளவில்தான் இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் நம்பி ஓடுகிற வண்டிகள் நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்று நிற்பதை நாம் பார்க்கத்தான் செய்கிறோம். அதனால் இதை அடியிலிருந்து விளக்கிவிடலாம். முன்னறிவு எதுவும் வேண்டாம்.

பேரிங்கிடம் "எவ்வளவு எடை தாங்குவாய்?" என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. "எவ்வளவு எடையை, எத்தனை கிலோமீட்டருக்குத் தாங்குவாய்?" என்று சேர்த்துக் கேட்க வேண்டும். கட்டுரை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

ஹப்புக்குள் என்ன இருக்கிறது?

ஒரு லாரியின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்போம். ஆக்சிலின் முனையில் சுற்றாத ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரமும் பிரேக் டிரம்மும் சேர்ந்து மாட்டப்படும் இரும்புக் குடம்தான் ஹப். தண்டுக்கும் ஹப்புக்கும் நடுவே இரண்டு பேரிங்குகள் இருக்கும். வண்டியின் உள்பக்கம் இருப்பது பெரியது, வெளிப்பக்கம் இருப்பது சிறியது.

ஒவ்வொன்றிலும் தண்டின் மேல் உட்காரும் உள்வளையத்துக்கு கோன் என்று பெயர். ஹப்பில் அடித்து இறக்கிய வெளிவளையம் கப். இரண்டுக்கும் இடையே உருளும் எஃகுத் துண்டுகள் ரோலர்கள். அவை ஒன்றோடொன்று முட்டாமல் இடம் பிரித்து வைக்கும் சட்டம் கேஜ். சிறிய வண்டிகள் பலவற்றில் ரோலருக்குப் பதிலாகக் குண்டுகள் இருக்கும், அதுதான் பால் பேரிங். கார்களில் இப்போது இரண்டு வரிசைக் குண்டுகளையும் வளையங்களையும் ஹப்பையும் ஒரே கட்டாகச் செய்து, சீல் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எப்படி மூடிக் கொடுத்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: வண்டியின் எடை முழுவதும் அந்தச் சின்ன எஃகுத் துண்டுகள் வழியாகத்தான் சாலைக்கு இறங்குகிறது.

அதிலும் எல்லாத் துண்டுகளும் சமமாகச் சுமப்பதில்லை. இப்படிச் சுற்றாத தண்டு வண்டியின் எடையால் கீழ்நோக்கி அழுத்துவதால், தண்டுக்குக் கீழே உள்ள துண்டுகள்தான் நசுங்கும். மேலே உள்ளவை சும்மா சுற்றி வரும். 10 குண்டுகள் உள்ள பேரிங் ஒன்றை எடுத்துக்கொண்டால், நேர் கீழே வரும் குண்டு அந்த நொடியில் மொத்தச் சுமையில் கிட்டத்தட்டப் பாதியைச் சுமக்கிறது. பழுதான லாரிக் கோனைத் துடைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் மட்டும் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும், மேல்பக்கம் புதிது போலப் பளபளக்கும்.

உடைவதில்லை, களைத்துப்போகிறது

ஒரு கட்டுக்கம்பியைக் கையில் எடுத்து இழுத்துப் பாருங்கள், அறுபடாது. அதையே ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாக மடக்கினால், சிறிது நேரத்தில் ஒடிந்துவிடும். ஒவ்வொரு மடக்கும் மிகச் சிறியதுதான். எண்ணிக்கைதான் கம்பியை ஒடித்தது. லேசாக மடக்கினால் நிறைய முறை தாங்கும், அதிகமாக மடக்கினால் சில முறையிலேயே போய்விடும். உலோகத்தின் இந்தக் குணத்துக்கு உலோகக் களைப்பு என்று பெயர்.

பேரிங் சாவதும் இப்படித்தான். 20 ரோலர்கள் கொண்ட லாரி பேரிங்கில், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது கோனின் அடிப்பக்கத்தை ஏறத்தாழ 11 ரோலர்கள் அழுத்திக் கடக்கின்றன. லாரிச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 300 சுற்று சுற்றும். ஆக, ஒரு கிலோமீட்டருக்குள் அதே இடம் 3,000 முறைக்கு மேல் நசுங்கி விடுபடுகிறது. சேலத்தில் சரக்கு ஏற்றிய லாரி சென்னை வந்து சேர்வதற்குள் கோனின் அந்த ஒரு விரலகல இடம் 10 லட்சம் முறைக்கு மேல் அழுத்தப்பட்டிருக்கும்.

அதிகமாக ஏற்றிய வண்டி அன்றைக்கு ஒழுங்காக ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதைப் பார்த்து "தாங்கிருச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பேரிங்கோ வழக்கமான பயணத்தைவிடப் பல மடங்கு ஆயுளை அந்த ஒரு பயணத்தில் செலவழித்திருக்கும். வெளியே எதுவும் தெரியாது.

தொடும் இடம் எவ்வளவு சின்னது

ஒரு குண்டு தட்டையான தளத்தைத் தொட்டால், கணக்குப்படி ஒரே ஒரு புள்ளியில்தான் தொட வேண்டும். அப்படியானால் அங்கே அழுத்தம் எல்லையில்லாமல் போக வேண்டுமே? 1881-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெய்ன்ரிச் ஹெர்ட்ஸ் இதற்கு விடை கண்டார். ரேடியோ அலைவரிசையில் நாம் சொல்லும் ஹெர்ட்ஸ் இவர் பெயர்தான். கண்ணாடி லென்சுகளை ஒன்றோடொன்று அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், அழுத்தும்போது இரண்டு பொருளும் சற்றே நசுங்கி, புள்ளி ஒரு சின்னப் பரப்பாக விரிகிறது என்பதைக் கணக்காக எழுதினார். இன்றும் பேரிங் வடிவமைப்பின் அடித்தளம் அந்தக் கணக்குதான்.

பேரிங் குண்டு தொடும் இடம், ஒரு அரிசிமணியைவிடச் சின்ன நீள்வட்டம். அவ்வளவு சிறிய இடத்தில் பல நூறு கிலோ இறங்கும்போது அழுத்தம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 150, 200 கிலோ என்று எளிதாகப் போய்விடும். சாதாரண இரும்பு இதில் குழிந்துவிடும். அதனால்தான் பேரிங்குக்கென்று சுமார் 1 சதவீதம் கரியும் 1.5 சதவீதம் குரோமியமும் சேர்ந்த எஃகை எடுத்து, கடினமாகும்படி சுட்டுக் குளிர்விக்கிறார்கள்.

அதிகபட்ச வெட்டுவிசை, அதாவது உலோகத்தின் ஒரு அடுக்கை அடுத்த அடுக்கின் மேல் வழுக்க வைக்கப் பார்க்கும் விசை, பரப்பின் மேலே இல்லை. அதற்கு ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு கீழே இருக்கிறது. எஃகுக்குள் அந்த ஆழத்தில் ஒரு தூசித்துகள் அளவு கசடு சிக்கியிருந்தால், விரிசல் அங்கே தொடங்கும். அது மெல்ல மேலேறி வந்து பரப்பை அடையும்போது ஒரு செதில் பெயர்கிறது. ஓட்டுநரின் காதுக்கு ஊளைச் சத்தம் கேட்பது அதற்குப் பிறகுதான். பேரிங்கைத் திறந்து, பளபளப்பாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று திரும்ப மாட்டினால், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் விரிசலுக்கு அது சான்று ஆகாது. எஃகு ஆலைகள் வெற்றிடத்தில் உருக்கைச் சுத்திகரித்துக் கசடைக் குறைக்கக் கற்ற பிறகு, அதே அளவு பேரிங்கின் ஆயுளே பெருமளவு கூடியது.

குண்டுக்குப் பதில் உருளையைப் போட்டால், தொடுவது புள்ளியிலிருந்து கோடாக மாறும். அதே எடை நீளமான பரப்பில் பரவும், அழுத்தம் இறங்கும். கனரக வண்டிகளில் ரோலர் இருப்பதன் காரணம் இவ்வளவுதான்.

இதுவரை பார்த்தது: எடை முழுவதும் மிகச் சிறிய பரப்புகள் வழியாக இறங்குகிறது, அந்தப் பரப்புகள் லட்சக்கணக்கான முறை நசுங்குகின்றன, எஃகு உள்ளிருந்து களைத்து விரிகிறது. இனி, எடை கூடினால் ஆயுள் எவ்வளவு குறையும் என்ற கணக்கு.

எடை இரண்டு மடங்கு, ஆயுள் எட்டில் ஒன்று

ஸ்வீடன் நாட்டின் லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்ற இருவர் 1947-ல் வெளியிட்ட கோட்பாட்டிலிருந்து வந்ததுதான் இன்று உலகம் முழுவதும் புழங்கும் ஆயுள் சூத்திரம். அதைப் புரிந்துகொள்ள ஒரு சொல் தெரிந்தால் போதும். கேட்டலாக்கில் ஒவ்வொரு பேரிங்குக்கும் நேரே சி என்ற எழுத்தின் கீழ் ஓர் எண் இருக்கும். அதை இயக்கச் சுமைத்திறன் என்போம். எந்தச் சுமையில் ஓட்டினால், ஒரே மாதிரியான 100 பேரிங்குகளில் 90 பேரிங்குகள் 10 லட்சம் சுற்றுகளைப் பழுதின்றிக் கடக்குமோ, அந்தச் சுமைதான் அது.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு "3,600 கிலோ போட்டிருக்கு, அப்போ 3,600 கிலோ ஏத்தலாம்" என்று படிப்பவர்கள் உண்டு. 10 லட்சம் சுற்று என்பது சின்ன சரக்கு வண்டியின் சக்கரத்துக்கு எவ்வளவு தூரம்? டயரின் சுற்றளவு 1.8 மீட்டர் என்றால் வெறும் 1,800 கிலோமீட்டர். அந்த எண் அன்றாடம் ஏற்றத்தக்க எடையைச் சொல்லவில்லை. கணக்குப் போடுவதற்கான அளவுகோல் மட்டுமே.

பால் பேரிங்குக்குக் கணக்கு இப்படி: சுமைத்திறனை உண்மையான சுமையால் வகுத்து, வந்த எண்ணை மூன்று முறை பெருக்கினால், எத்தனை பத்து லட்சம் சுற்று என்பது கிடைக்கும். சுமைத்திறன் 3,600 கிலோ, ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 6. 6 × 6 × 6 = 216. அதாவது 21.6 கோடி சுற்று. அந்த 1.8 மீட்டர் டயருக்கு 3,88,800 கிலோமீட்டர்.

அதே வண்டியில் பாதி எடை கூட்டி 900 கிலோ ஆக்கினால் 3,600-ஐ 900-ஆல் வகுக்க 4. மூன்று முறை பெருக்கினால் 64. தூரம் 1,15,200 கிலோமீட்டராக இறங்குகிறது. இரண்டு மடங்கு, அதாவது 1,200 கிலோ ஏற்றினால் 27, வெறும் 48,600 கிலோமீட்டர். எடை இரட்டித்ததற்கு ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிட்டது. ரோலர் பேரிங்கில் இந்தச் சரிவு இன்னும் சற்றுக் கூர்மை: எடை இரட்டித்தால் ஆயுள் பத்தில் ஒன்று.

உண்மையான உதாரணம் ஒன்று நம் சாலைகளிலேயே இருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு சரக்கு வாகனங்களின் ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் என்று இருந்தது 11.5 டன் ஆனது. உயர்வு 13 சதவீதத்துக்கும் குறைவு. எதையும் மாற்றாமல் அதே ரோலர் பேரிங்கில் அந்த எடையை ஏற்றினால், கணக்குப்படி ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

ஆனால் இதே கணக்கு வடிவமைப்பவருக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது. இழந்த ஆயுளை முழுதாக மீட்க, பேரிங்கின் சுமைத்திறனை அதே 13 சதவீதம் உயர்த்தினால் போதும். பால் பேரிங்காக இருந்தால், குண்டின் விட்டத்தை 7 சதவீதம் பெரிதாக்கினாலே அது கிடைத்துவிடும். சில பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சமாச்சாரம். வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேரிங்குகள் ஏன் ஒன்று இரு மடங்கு ஓடுகிறது என்ற வியப்புக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

மேலே சொன்ன கிலோமீட்டர் எதுவும் உத்தரவாதம் இல்லை. 100-ல் 90 தாண்டும் தூரம் அது. மீதிப் பத்தில் ஒன்று உங்கள் வண்டியில் இருக்கலாம்.

வளைவில் நடக்கும் சங்கதி

எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான் தெரியும். சக்கர பேரிங்கை உண்மையில் வாட்டுவது வளைவுகள்.

வண்டி திரும்பும்போது சாலை டயரின் அடியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பேரிங் இருப்பது டயரின் அடியிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில். எனவே டயரே ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. சக்கரத்தின் மேல் 600 கிலோ இருக்கும்போது, சற்று வேகமான திருப்பத்தில் அதில் 10-ல் 3 பங்கு, 180 கிலோ, பக்கவாட்டில் தள்ளுவதாகக் கொள்வோம். அந்த 180 கிலோ 30 சென்டிமீட்டர் கையில் நெம்புகிறது. எதிர்த்து நிற்க வேண்டிய இரண்டு பேரிங்குகளுக்கும் இடையே உள்ள தூரம் 6 சென்டிமீட்டர்தான் என்றால், ஒவ்வொன்றின் மேலும் எதிரெதிர்த் திசையில் 900 கிலோ விழுகிறது. வண்டி நேரே நின்றபோது இருந்த மொத்த எடையைவிட அதிகம்! அதோடு, திருப்பத்தில் வண்டியின் எடையே வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சாய்கிறது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இரண்டு பேரிங்குகளையும் 6-க்குப் பதில் 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அந்த 900 கிலோ 540 ஆகக் குறைகிறது. பேரிங்கை ஒரு நூலிழைகூடப் பெரிதாக்கவில்லை, இடைவெளியை மட்டும் மாற்றினோம். அதிகச் சுமைக்கான வடிவமைப்பில் என்னைக் கேட்டால் மிக அழகான பகுதி இதுதான். லாரி ஹப்பில் இரண்டு கோன்களின் சிறிய முனைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி மாட்டியிருப்பதன் காரணமும் இதுவே. அப்படி மாட்டும்போது ரோலர்கள் தண்டை அழுத்தும் கோடுகள் வெளிநோக்கிச் சாய்ந்து, பேரிங்குகள் இருக்கும் இடத்தைவிட இன்னும் விலகிய இரு இடங்களில் தாங்குவது போன்ற பலன் கிடைக்கிறது.

அழகுக்காக ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தடித்த தட்டை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுபவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறார்கள். டயரின் நடுக்கோடு இரண்டு பேரிங்குகளுக்கும் சரிநடுவில் இருந்தால் 600 கிலோவை ஆளுக்கு 300 ஆகப் பகிர்ந்துகொள்ளும். 6 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள ஹப்பில் 2.5 சென்டிமீட்டர் ஸ்பேசர் போட்டால், வெளிப்பேரிங்குக்கு 550, உள்பேரிங்குக்கு 50. வண்டியில் ஒரு கிலோகூட ஏற்றவில்லை. வெளிப்பேரிங்கின் ஆயுளோ ஆறில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது.

வடிவமைப்பவர் எதை மாற்றுவார்?

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வரலாம். கடையில் எண்ணைச் சொல்லி வாங்கும் 6205 என்ற பால் பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். துளை 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. இதன் சுமைத்திறன் சுமார் 14 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் ஏறத்தாழ 100 கிலோ எடை). அதே 25 மில்லிமீட்டர் தண்டுக்கு அடுத்த பெரிய அளவு 6305. வெளிவிட்டம் 62, அகலம் 17. இதன் திறன், தயாரிப்பாளரைப் பொறுத்து, 21 முதல் 23 கிலோநியூட்டன்வரை. இதைப் போட வேண்டுமென்றால் ஹப்பின் குழியையே பெரிதாகக் கடைய வேண்டும். 30205 என்ற கூம்பு ரோலர் பேரிங்கோ அதே 25 துளை, அதே 52 வெளிவிட்டம், அகலம் மட்டும் 16.25 மில்லிமீட்டர். திறன் 30 கிலோநியூட்டனுக்கு மேல். பெரியதைவிட, அதே அளவில் வேறு வகை அதிகம் தாங்குகிறது.

கூம்பு ரோலர் என்றால் ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த ரோலர். சாய்வாக உட்கார்ந்திருப்பதால் மேலிருந்து வரும் எடையையும் பக்கவாட்டுத் தள்ளலையும் சேர்த்துத் தாங்கும். அமெரிக்காவில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன் இதற்கு 1898-ல் காப்புரிமை பெற்றார். வண்டி திரும்பும்போது அச்சில் வரும் பக்கத் தள்ளல்தான் அவர் தீர்க்க முனைந்த சிக்கல்.

வகையை மாற்ற முடியாத இடத்தில் குண்டின் அளவு, எண்ணிக்கை, வரிசை ஆகியவற்றில் கை வைப்பார்கள். குண்டின் விட்டத்தை 20 சதவீதம் கூட்டினால் சுமைத்திறன் சுமார் 39 சதவீதம் கூடும். எண்ணிக்கையை 20 சதவீதம் கூட்டினால் 13 சதவீதம்தான். வரிசையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினால் திறன் இரட்டிக்காது, 1.6 மடங்குதான் ஆகும், ஏனென்றால் இரண்டு வரிசையும் சுமையைச் சரிசமமாகப் பங்கிடாது.

கனரக லாரியின் பின் ஆக்சிலில் வேறொரு ஏற்பாடு இருக்கிறது. பின்சக்கரத்தின் நடுவே வட்டமாக போல்ட் அடித்த ஒரு தட்டு துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆக்சில் ஷாஃப்டின் தலை. அங்கே எடையைத் தாங்குவது ஆக்சில் குழாயின் மேல் உள்ள இரண்டு கூம்பு ரோலர் பேரிங்குகள். ஷாஃப்டின் வேலை சக்கரத்தைச் சுழற்றுவது மட்டும். ஜாக்கி போடாமலே ஷாஃப்டை உருவி எடுத்துவிடலாம், லாரி அசையாமல் நிற்கும். சிறிய வண்டிகள் பலவற்றில் ஷாஃப்டே ஒற்றை பேரிங் வழியாக எடையையும் சுமக்கிறது. அந்த அமைப்பில் பேரிங்கை மட்டும் பெரிதாக்கினால், அடுத்துக் களைப்பது ஷாஃப்ட்.

அப்படியென்றால் எல்லா வண்டியிலும் ரோலர்தானே போடலாம்? ரோலரில் உராய்வு கூடுதல், அதனால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். கூம்பு ரோலருக்கு இறுக்கம் சரியாக வைக்கத் தெரிந்த கை வேண்டும். பேட்டரிக் கார்கள் வந்த பின் இந்த இழுபறி இன்னும் முற்றியிருக்கிறது. பேட்டரி எடையால் சக்கரத்துக்குச் சுமை கூடுகிறது, ஒரு சார்ஜில் ஓடும் தூரத்துக்காக உராய்வும் குறைய வேண்டும் என்கிறார்கள்.

இறுக்கமும் தளர்வும்

கூம்பு ரோலரின் ஆயுள் நட்டை இறுக்குபவரின் விரலில் இருக்கிறது. அதிகத் தளர்வு விட்டால் அடியில் உள்ள ஓரிரு ரோலர்கள் மட்டும் சுமக்கும். சரியாக வைத்தால் அக்கம்பக்கத்து ரோலர்களும் சேர்ந்து தாங்கும். கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிட்டாலோ, ஓடும்போது சூடேறி எஃகு விரிந்து மேலும் இறுகும், கிரீஸ் உருகி ஓடும், பேரிங் தண்டோடு பற்றிக்கொள்ளும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, ரோலர்கள் தம் இடத்தில் அமர்ந்த பிறகு நட்டைப் பின்வாங்கி, மயிரிழை ஆட்டம் விட்டுப் பூட்டுவது பழைய லாரி மெக்கானிக்குகள் கைப்பழக்கமாகச் செய்வது. எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், தயாரிப்பாளர் சொன்ன அளவைத்தான் பின்பற்ற வேண்டும். லோடு ஜாஸ்தி என்பதற்காக "நல்லா டைட் வெச்சுடு" என்று சொல்வது மிகவும் ஆபத்தானது.

ஒரே ஒரு குழி

களைப்பு தவிர இன்னொரு வகைச் சேதம் உண்டு. ஓவர்லோடு வண்டி வேகமாகப் பள்ளத்தில் இறங்கும்போது, அந்த நொடியின் அடியில் குண்டு வளையத்தில் நிரந்தரமாகப் பதிந்துவிடலாம். இதற்கான எல்லையைக் குறிக்கும் எண்ணுக்கு நிலைச் சுமைத்திறன் என்று பெயர். பால் பேரிங்குக்கு, தொடும் இடத்தின் அழுத்தம் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 430 கிலோவை எட்டும் சுமை அது. அப்போது பதியும் ஆழம் குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆழத்தைத் தாண்டிப் பதிந்தால் ஓட்டத்தில் சத்தமும் அதிர்வும் தொடங்கும்.

இதே சேதத்தைப் பட்டறையிலேயே செய்துவிட முடியும். ஹப்பில் இறக்க வேண்டிய பேரிங்கின் உள்வளையத்தில் சுத்தியலால் அடித்தால், அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகும். குண்டுகளின் இடைவெளியிலேயே வரிசையாகப் பதிவுகள் விழும். புது பேரிங் போட்ட மறுநாளே சத்தம் வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எந்த வளையம் இறுக்கமாக இறங்குகிறதோ, அந்த வளையத்தில்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும்.

கிரீஸும் சீலும்

கணக்கில் வரும் ஆயுளை எட்டும் முன்பே பல பேரிங்குகள் அழுக்காலும் தண்ணீராலும் போய்விடுகின்றன. ஓடும்போது ரோலருக்கும் வளையத்துக்கும் இடையே ஓர் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே. ஒரு மணல்துகள் அதைவிடப் பல மடங்கு பெரியது. உள்ளே வந்தால் நசுங்கிப் பள்ளம் போடும், அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் களைப்பு தொடங்கும்.

மழைக்காலத்தில் இன்னொன்று நடக்கும். நெடுந்தூரம் ஓடிச் சூடான ஹப், முழங்கால் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீலின் (ஹப்பின் வாயை மூடும் ரப்பர் வளையம்) உதடு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. வெள்ளத்தில் ஓட்டிய லாரியின் ஹப்பைத் திறந்தால் கிரீஸ் பால் கலந்தது போல வெளுத்திருப்பது இதனால்தான். அந்த கிரீஸை வழித்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும், சீலையும் மாற்ற வேண்டும். பேரிங்கின் ரோலர்களுக்கு நடுவே கிரீஸை அழுத்தி முழுதாக நிரப்பலாம், ஹப்பின் வெற்றிடத்தை அடைக்க நிரப்பக் கூடாது. கலக்கிக் கலக்கியே சூடாகிவிடும். வெவ்வேறு வகை கிரீஸைக் கலப்பதும் வேண்டாம், சில ஒன்று சேர்ந்தால் தண்ணீராக இளகிவிடும்.

வண்டிக்காரர் எதைப் பார்க்க வேண்டும்?

வண்டியின் தகட்டில் ஒவ்வொரு ஆக்சிலுக்கும் எழுதியிருக்கும் எடை, ஸ்பிரிங், டயர், பிரேக், ஆக்சில், பேரிங் ஆகிய எல்லாவற்றிலும் எது பலவீனமோ அதை வைத்து எழுதியது. பட்டை சேர்த்தால் வண்டி தாழாமல் நிற்கும், பேரிங்குக்குப் போகும் எடையில் ஒரு கிராம்கூடக் குறையாது. உண்மையிலேயே அதிகம் ஏற்ற வேண்டிய தொழில் என்றால், கனமான ஆக்சிலோடு வரும் மாடலை வாங்குவதுதான் கணக்குக்கு ஒத்துவரும். இருக்கிற வண்டியில் பேரிங் மாற்றும்போது, அதே அளவில் அதிகத் திறனுள்ளது என்று தயாரிப்பாளரே தந்தால் போடலாம். கடையில் எண் பொருந்துகிறது என்பது மட்டும் போதாது.

பழுதைக் கண்டுபிடிக்க, சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பிறகு சுற்றிவிட்டு ஸ்பிரிங்கின் மேல் கை வையுங்கள். கரகரப்பு இருந்தால் விரலுக்குத் தெரியும். ஓடும்போது ஊளைச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரத்துக்குச் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங், வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கப் பேரிங்.